எட்டாம் மாதத்துப் பிள்ளை

பிள்ளைப்பாக்கம்
14-8-1974

மாப்பிள்ளை நரசிம்மனுக்குத் தாண்டவராயன் சொல்லி எழுதுவது. எழுதும் கை பால் சொசைட்டி கோதண்டத்தினுடையது, வார்த்தை என்னுடையது. அவன் எதையாவது மழுப்பிவிடுவானோ என்று இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் ஒட்ட விடுவேன்.

நலம் விசாரிக்க இந்தக் கடுதாசி இல்லை. என் பெண் அம்சவல்லியை அம்பத்தூருக்கு அனுப்பவேண்டும், வளைகாப்பு உங்கள் வீட்டில்தான் என்று அந்தப் பக்கம் வந்துபோகிற எங்கள் ஊர் எல்லப்பனிடம் சொல்லிவிட்டிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஒன்றை எழுதிவைத்துவிட்டு மறந்துபோகிற வசதியும் எனக்கில்லை. போன வருஷம் ஐப்பசியில் உங்கள் வீட்டுக்குப் பூசணிக்காயோடு வந்து இறங்கினேன். என் பெண் பம்படியில் குடத்தோடு நின்றாள். "இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துக் கீது?" என்றேன். "முதுவு நோவுது நைனா. வருது, போவுது. வயிறு கல்லாட்டம் ஆவுது, அப்பறம் தளந்துடுது" என்றாள். உங்கள் அம்மா கிளியம்மாள் உள்ளேயிருந்து, "அது சூட்டு வலி. வெளக்கெண்ண குடுத்தா போய்டும்" என்றார். நான் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தேன். "பொம்பள சமாசாரத்துல உங்களுக்கு இன்னா வேல?" என்று காப்பி டம்ளரை என் கையில் திணித்தார். நீங்கள் இரண்டாம் ஷிஃப்டுக்குப் புறப்பட்டுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நிமிராமலே, "அம்மாவுக்குத் தெரியும் மாமா" என்றீர்கள். என்னைப் பகல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள்.

மறுநாள் எனக்கு வந்தது சாவுச் சேதி. அதற்கப்புறம் அம்சா சொல்லித்தான் மீதி தெரியும். ஒரே தரம்தான் சொன்னாள். பிள்ளை மூச்சோடு பிறந்ததாம். காலை உதைத்ததாம். "ஆஸ்பத்திரிக்கு எட்த்துகினு போங்க" என்று கெஞ்சினாளாம். "எட்டாம் மாசத்துப் புள்ள. ஏழுன்னா தங்கும், எட்டு தங்காது. எட்த்துகினு போயி இன்னா பண்றது?" என்றாராம் உங்கள் அம்மா. விளக்கு வைக்கும் நேரம்வரை உயிர் இருந்திருக்கிறது. உங்கள் தெருமுனையிலேயே பஸ் நிற்கிறது.

இந்தத் தரம் என் பெண் என் வீட்டில் இருப்பாள்.

தாண்டவராயன்

*

அம்பத்தூர்
20-8-1974

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கம்பெனியில் மெஷின் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கோபத்தில், மெஷினில் மாட்டியிருந்த ஒரு ஜாப் வீணாகி, சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினேன்.

நான் ஷிஃப்டில் இருந்தபோது, அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்சாவை அழைத்துப் போனீர்கள். அது பெற்றவர் செய்கிற காரியமா? திருடன் செய்கிற காரியம். பிள்ளை போனது உங்களுக்கு மட்டும்தான் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். குழி தோண்டியவன் நான். என் கையால் தோண்டினேன். அதை அம்சா உங்களிடம் சொல்லவில்லையா?

அம்மா ஐந்து பெற்றவள். எட்டாம் மாதக் கணக்கு அவள் இட்டுக் கட்டியதில்லை. எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்கள். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது? மழை பெய்தால் ஸ்ரீபெரும்புதூர்வரை சேற்றில் மாடு மாட்டிக்கொள்ளும். இங்கே நிமிஷத்துக்கு ஒரு பஸ். அவளை அங்கே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியைப் பற்றி எனக்குப் புத்தி சொல்கிறீர்கள்!

சரி. அம்மா இறங்கி வந்திருக்கிறாள். ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலேயே வளைகாப்பை வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். எனக்கும் ஞாயிறு விட்டால் மற்ற நாளெல்லாம் ஓவர்டைம். சொந்தக்காரர்களும் என் ஃபோர்மேனும் வருவார்கள். அவர்கள் எதிரே போன வருஷக் கதையை எடுக்காதீர்கள்.

நரசிம்மன்

*

பிள்ளைப்பாக்கம்
26-8-1974

மாப்பிள்ளைக்கு,

வாருங்கள். உங்கள் அம்மா இறங்கி வந்ததற்கு நான் மேளம் வைக்க முடியாது. பந்தல் மட்டும் போடுகிறேன்.

வருவதற்குமுன் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைதோறும் நர்ஸ் ராஜம்மா சைக்கிளில் வருகிறது. "அம்சாவுக்கு ஒரு தபா முன்னாடியே பொறந்துடுச்சி இல்ல, மறுபடியும் அப்படி வரலாம், வூட்ல எல்லாரும் தெரிஞ்சி வச்சிக்கணும்" என்று சொல்லிற்று. வீட்டில் எல்லாரும் என்றால் நான்தான். அம்சாவின் அம்மா செத்து ஒன்பது வருஷமாயிற்று. "எங்கிட்ட சொல்லு" என்றேன். தயங்கிற்று. பிறகு சொல்லிற்று. நான் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன், ஒரு வார்த்தை பிசகவில்லை.

இடுப்புக்கு மேலே, முதுகின் அடியில் மந்தமான வலி, வந்து வந்து போகும். வயிறு கல்லாக இறுகும், தளரும், மறுபடி இறுகும். பிள்ளை கீழே அழுத்துகிற மாதிரி பாரமாக இருக்கும். தண்ணியோ, சளிபோல ரத்தமோ படும். பேதிக்கு வருகிற மாதிரி வயிறு பிசையும். இதில் ஒன்று வந்தாலும் இடதுபக்கம் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுக்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். தண்ணியோ ரத்தமோ பட்டால் அதுவரைக்கும்கூடக் காத்திருக்கக் கூடாது. சூட்டு வலியா, பொய் வலியா என்று கஷாயம் வைத்துப் பார்க்கிற வேலை கூடாது. விளக்கெண்ணெய் கூடவே கூடாது. அது வலியை முடுக்கிவிடும்.

இந்த இடத்தில் கோதண்டம் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "பெரியவரே, தண்ணி படும், ரத்தம் படும்னெல்லாம் மாப்பிள்ளைக்கு லெட்டர் எழுதறதா? வெக்கமா இல்ல?" என்றான். "ஏண்டா, புள்ள செத்தா துக்கச் சேதி மட்டும் எழுதுவியா? போட்றா" என்றேன். போட்டுவிட்டான்.

வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். விளக்கெண்ணெய் என் வாசற்படி தாண்டக் கூடாது.

தாண்டவராயன்

*

அம்பத்தூர்
19-9-1974

தாண்டவராயன் அவர்களுக்கு,

இனி உங்களை மாமா என்று எழுத எனக்கு மனசில்லை.

மாப்பிள்ளையைக் கை நீட்டி அடிக்கிற ஊரை நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் பந்தலில், வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் ஃபோர்மேன் இலையில் உட்கார்ந்திருக்கும்போது. கம்பெனியில் இப்போது யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இன்னாப்பா, மாமனார் வூட்டு விருந்து பலமா?" என்று கன்னத்தைத் தடவிக் காட்டுகிறார்கள்.

நான் என்ன தப்புச் செய்தேன்? வளையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்சா முதுகைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வலி கண்டுடுச்சி. நல்லதாப் போச்சி. ஏழு முடியறதுக்குள்ள பொறந்துட்டா தங்கிடும். எட்டுக்குப் போவ வுடாதீங்க. போய் வெளக்கெண்ண வாங்கிகினு வாடா." போன வருஷம் பிள்ளை போனது எட்டில் பிறந்ததால்தானே? இந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்றுதான் கடைக்கு ஓடினேன். ஓடினேன் மாமா! நடக்கக்கூட இல்லை. எண்ணெய் டம்ளரோடு திரும்பி வந்து படியில் கால் வைப்பதற்குள் அதைத் தட்டிவிட்டு அறைந்தீர்கள்.

யாரையும் கேட்காமல், ஸ்ரீபெரும்புதூர் கோயில் வாசலிலிருந்து வாடகைக் காரை வரவழைத்து அவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். அங்கே ஊசி போட்டு வலியை நிறுத்திவிட்டார்களாம். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? ஏழில் வரவேண்டிய பிள்ளையைப் பிடித்து எட்டுக்குள் தள்ளிவிட்டீர்கள். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "வேணும்னே கொல்றாரு அந்தாளு" என்கிறாள். எனக்கும் வேறு தோன்றவில்லை.

எட்டில் பிறந்து அது போய்விட்டால் என் முகத்தில் நீங்கள் விழிக்கக் கூடாது.

நரசிம்மன்

*

பிள்ளைப்பாக்கம்
25-9-1974

மாப்பிள்ளைக்கு,

அடித்தேன். இன்னொரு தரம் அந்த டம்ளரோடு வந்தால் இன்னொரு தரம் அடிப்பேன். அதற்காக ஊர் கூட்டினாலும் வந்து நிற்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏரித் தண்ணீர் முறைக்காக ஒரு நாள் வந்தேன். அதற்குள் உங்கள் கடுதாசி. கோதண்டம் படிக்கப் படிக்க எழுந்து வாசலுக்கும் திண்ணைக்குமாக நடந்தேன். கிழவன் பயந்துவிட்டான் என்று நினைத்தான் மடையன்.

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் அடுக்கி உயர்த்தியிருக்கிறார்கள். தலை பள்ளத்தில், கால் மேட்டில். பாட்டில் ஏறுகிறது. எழுந்திருக்கவே விடுவதில்லை, எல்லாம் படுக்கையிலேயே. என் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எட்டுல பொறந்தா தங்காதாமே, ஏழுலயே பொறக்க வுட்டுடுங்கம்மா" என்று அழுதாள். உங்கள் அம்மா ஊற்றின விஷம் அவளுக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம். "எவ சொன்னா? இங்க வந்து பாக்கச் சொல்லு. ஏழுல பொறக்கறதுக்கு மூச்சுப் பையே பக்குவம் ஆகல. அதைவிட எட்டு மேல், எட்டைவிட ஒன்பது மேல். உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் லாபம். நான் புடிச்சி வச்சிக்கினு கீறேன், நீ வுடச் சொல்றியே!" என்று கத்திற்று. வார்டே திரும்பிப் பார்த்தது.

நீங்கள் மெஷினில் வேலை செய்கிறவர். படித்தவர். நான் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். ஏழில் பிழைக்கும், எட்டில் பிழைக்காது, ஒன்பதில் மறுபடி பிழைக்கும் என்றால், பிள்ளை வயிற்றுக்குள் வளர்ந்து, தேய்ந்து, திரும்ப வளர்கிறதா? நிலாவா அது?

சாயந்திரம் நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுகிறார்கள். மணி அடித்ததும் என் பெண் வாசலைப் பார்க்கிறாள். நான்தான் உள்ளே போகிறேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒன்று விழுந்துபோகிறது. அதை நான் தினமும் பார்க்கவேண்டியிருக்கிறது.

கன்னத்தைத் தடவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

தாண்டவராயன்

*

அம்பத்தூர்
4-10-1974

மாமா அவர்களுக்கு,

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். போகட்டும். எனக்கும் உங்களோடு பேச ஒன்றும் இல்லை.

அவள் என் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள். "இரு, இப்ப வரும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் என் உள்ளங்கைக்குக் கீழே அது இறுகியது. இரும்புபோல ஆகிவிட்டது. அப்புறம் மெல்ல விட்டது. நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டு, முன்னைக்கு இப்போது குறைவுதான், பயமில்லை என்றாள். நான் கையை எடுக்கவில்லை.

"போன வருசம் பம்படியில நின்னுகினு இதத்தான் சொன்னேன்" என்றாள் அம்சா.

நான் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன் என்று முதல் கடிதத்தில் எழுதினீர்கள். அதை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம்.

இனி தினமும் வருவேன், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். நீங்கள் வெளியே போய் நிற்கத் தேவையில்லை. ஆனால் அம்மாவை விஷம் என்று எழுதாதீர்கள். அவளும் பயந்துதான் சாகிறாள். எட்டு நடந்துகொண்டிருக்கிறதே.

நரசிம்மன்

*

பட்டணம், ஆஸ்பத்திரி
16-10-1974

மாப்பிள்ளைக்கு,

இதை எழுதுவது பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன், நீங்கள் நாலு மணிக்கு வரும்வரை பொறுக்காமல் எல்லப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நேற்று நீங்கள் போனபிறகு பனிக்குடம் உடைந்துவிட்டது. இனி நிறுத்த முடியாது என்றார்கள். இன்று காலையில் பிறந்தது. பெண். அம்சா நன்றாக இருக்கிறாள்.

எடை நாலு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறார்கள். மூக்கில் குழாய் விட்டுப் பால் போகிறது. பிறந்ததும் அழுதது. கோழிக்குஞ்சு சத்தம்தான். ஆனால் அழுதது. "மூச்சு தானா வாங்குது" என்று டாக்டரம்மா என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிற்று.

உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். எட்டாம் மாதம் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கட்டும்.

தாண்டவராயன்

*

அம்பத்தூர்
20-11-1974

மாமா அவர்களுக்கு,

அம்சாவையும் குழந்தையையும் நீங்கள் பிள்ளைப்பாக்கத்துக்கு நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததாக எல்லப்பன் சொன்னான். குழந்தை இப்போது அம்சாவிடமே பால் குடிக்கிறதாம். அம்மா கேட்டுவிட்டு அழுதாள்.

ஒரு விஷயம். கார்த்திகைக் கடைசியில் பெயர் வைக்கலாம் என்றிருக்கிறோம். அம்பத்தூரில், எங்கள் வீட்டில். நீங்கள்தான் குழந்தையை என் அம்மா மடியில் வைக்கவேண்டும். வந்து நின்று நடத்துங்கள்.

ஆனால் அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம், "நாள் கணக்குல தப்பு ஆயிடுச்சி, நெசத்துல அது ஏழு தான், அதான் தங்கிச்சி" என்று சொல்லிவைத்திருக்கிறாள். கண்ணாடிப் பெட்டியின் முன்னாலேயே அப்படித்தான் சொன்னாள், உங்களுக்கும் கேட்டிருக்கும். அவள் வயசுக்கு இனி மாறமாட்டாள். அன்றைக்கு யாராவது கேட்டால் நீங்களும் ஏழு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அல்லது பேசாமல் இருங்கள். பிள்ளை பிழைத்துவிட்டது. ஏழோ எட்டோ, இனி யாருக்கு என்ன?

அதைச் செய்தீர்களானால் பந்தலில் நடந்ததை நானும் அதோடு விட்டுவிடுகிறேன்.

நரசிம்மன்

*

பிள்ளைப்பாக்கம்
26-11-1974

மாப்பிள்ளைக்கு,

அறைந்ததை நீங்கள் விடவேண்டாம். சாகிறவரை வைத்துக்கொள்ளுங்கள். ஏழு என்று நான் சொல்ல மாட்டேன்.

யாருக்கு என்ன என்று கேட்கிறீர்கள். போன வருஷத்துப் பிள்ளைக்கு. அது எட்டில் பிறந்தது. இதுவும் எட்டில் பிறந்தது. இதை ஏழு என்று நீங்கள் மாற்றிவிட்டால், அது தங்காத பிள்ளை என்பது நிஜமாகிவிடுகிறது. யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாகிவிடுகிறது. பஸ் தெருமுனையில் நின்றது பொய்யாகிவிடுகிறது. அம்சா கெஞ்சியது வீண் பேச்சாகிவிடுகிறது. என் பேத்தியை வைத்து அந்தப் பிள்ளையை இரண்டாம் தரம் புதைக்கிறீர்கள்.

அதோடு போகுமா? பெயர் வைக்க வருகிற பெண்களில் எத்தனை பேர் வயிற்றில் சுமந்துகொண்டு வருவார்கள்? "பாத்தியா, ஏழு தங்கிச்சி" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒருத்திக்கு ஏழில் வலி கண்டால் எண்ணெயை ஊற்றி இறக்குவார்கள். ஒருத்திக்கு எட்டில் கண்டால் துணியைக்கூடச் சுற்றாமல் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள்.

அம்சாவிடம் இதைச் சொன்னேன். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நீ வர வேணாம் நைனா, நானும் போவல. எட்டுன்னு சொல்ற வூட்டுக்குத்தான் என் பொண்ணு போவும்" என்றாள். கோதண்டம் இதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறான், நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

தாண்டவராயன்

*

அம்பத்தூர்
9-12-1974

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பத்து நாள் பதில் எழுதவில்லை. எழுதுகிற எண்ணமும் இருக்கவில்லை.

நேற்று ஞாயிறு, வீட்டில் இருந்தேன். எங்கள் வரிசையில் கடைசி வீடு நடேசனுடையது, என் ஷிஃப்ட்காரன். அவன் பெண்சாதி சரோஜாவுக்கு எட்டு நடக்கிறது. காலையிலிருந்து முதுகு வலி. பெண்கள் கூடிச் சீரகம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். "எட்டு ஆச்சே, இனிமே இன்னா பண்றது" என்று யாரோ சொன்னது எனக்கு வெளியே கேட்டது. அது அம்மாவா, வேறு யாரோவா என்று தெரியாது.

நான் செருப்போடு உள்ளே போய்விட்டேன். "வயிறு கல்லாட்டம் ஆயித் தளருதா?" என்று சரோஜாவையே கேட்டேன். அந்தப் பெண் கூச்சத்தில் முகத்தை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியது. நடேசன் என் சட்டையைப் பிடித்தான். "இன்னாடா கேக்குற நீ, பொம்பளைங்க இருக்கற எடத்துல?" என்றான். நானும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "எம் பொண்ணு எட்டுல பொறந்தது. எட்டுடா! ஏழு இல்ல. உயிரோட கீது. கெளம்புடா ஆஸ்பத்திரிக்கு" என்று கத்தினேன். தெருவே நின்று கேட்டது.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து எங்கள் வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். பெட்டியிலிருந்து இரண்டு பழைய புடவையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நடேசன் அதற்குள் கூட்டிவந்த வண்டியில் சரோஜாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "இடது பக்கம் சாஞ்சிக்கோ" என்றாள்.

இன்னும் அவர்கள் திரும்பவில்லை. என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

அம்சாவிடம் சொல்லுங்கள். அழைத்துக்கொண்டு வாருங்கள்.

நரசிம்மன்